பேராசிரியரை உலுக்கிய கண்ணாடிப் புட்டி!

ஹாலந்து நாட்டில் லெய்டன் என்று ஒரு நகரம். அங்கே முஷன்புரோக் என்ற பேராசிரியருக்கு ஒரு விபரீத ஆசை. மின்சாரத்தைத் தண்ணீரில் பிடித்து வைக்க முடியுமா என்று பார்க்க விரும்பினார்.

கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றினார். அதில் ஒரு கம்பியை விட்டார். சுழலும் கண்ணாடி உருண்டையை உரசி உண்டாக்கிய மின்சாரம், கம்பி வழியாக உள்ளே இறங்கியது. ஒரு கையில் புட்டி. மறு கையால் கம்பியைத் தொடப் போனார்.

அவ்வளவுதான்! இடி விழுந்ததுபோல் உடம்பு குலுங்கியது. "உயிர் போயிற்று" என்றே நினைத்துவிட்டார். பிரான்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை தொடமாட்டேன் என்று பாரிசில் இருந்த விஞ்ஞானி ரியோமூருக்கு எழுதினார். அது 1746-ம் ஆண்டு.

அதற்கு முந்திய ஆண்டே ஜெர்மானியரான கிளைஸ்டும் இதே அடியை வாங்கியிருந்தார். ஆனால், "லெய்டன் ஜாடி" என்ற பெயர்தான் நிலைத்தது. பாவம், கிளைஸ்ட்!

180 வீரர்கள் துள்ளினர்

அதே 1746-ல் பிரான்சில் ஒரு வேடிக்கை நடந்தது. நொல்லே என்ற பாதிரியார், 180 வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்து, மன்னர் 15-ம் லூயி முன்னிலையில் ஜாடியின் மின்சாரத்தை அவர்கள் உடலில் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் துள்ளிக் குதித்தார்கள்!

சின்னப் புட்டிக்கு இவ்வளவு வலு எப்படி வந்தது?

மின்னழுத்தம் என்பது தொட்டியில் உள்ள தண்ணீர் மட்டம் மாதிரி. குறுகிய தொட்டியில் ஒரு குடம் ஊற்றினாலே மட்டம் சட்டென்று ஏறிவிடும். அகன்ற தொட்டியில் பல குடம் ஊற்றலாம். லெய்டன் ஜாடி அகன்ற தொட்டி. புட்டிக்குள் மின்னூட்டம் சேரச் சேர, வெளியே பிடித்திருந்த கையில் எதிர் மின்னூட்டம் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. நடுவில் கண்ணாடி தடுத்தது. எதிரி பக்கத்திலேயே இருப்பதால் மட்டம் எளிதில் ஏறாது. ஆகவே இன்னும் இன்னும் கொள்ளும். கண்ணாடி மெல்லியதானால் கொள்ளளவு கூடும். மின்னழுத்தத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், உள்ளே அடங்கும் சக்தி நான்கு மடங்கு!

மின்விசிறி சுற்றாவிட்டால் "கண்டென்சர் போய்விட்டது" என்கிறோமே, அது இந்த ஜாடியின் வாரிசுதான். தண்ணீரும் கையும் இருந்த இடத்தில் உலோகத் தகடு வந்துவிட்டது.

நின்ற இதயத் துடிப்பு

1962-ல் அமெரிக்க டாக்டர் பெர்னார்டு லவுன், கண்டென்சரில் தேக்கிய மின்சாரத்தை நோயாளியின் மார்பில் ஒரே வீச்சில் செலுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். தாறுமாறாகத் துடித்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் தவிக்கும் இதயம், அந்த அதிர்ச்சியில் ஒரு கணம் அடங்கி, மறுபடி ஒழுங்காகத் துடிக்கத் தொடங்கும். எத்தனையோ பேர் இப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

இன்றும் பொத்தானை அழுத்துமுன் டாக்டர் ஓர் எச்சரிக்கை கொடுக்கிறார். கட்டிலை யாரும் தொடக்கூடாது!