ஓலையில் இருந்தது அவளுடைய பெயர்

அளுவிகாரையில் பார்க்க வருகிறவர்களுக்கு ஓலையில் பெயர் எழுதித் தருவார்கள். எழுத்தாணி ஓலைமேல் கீறிக்கொண்டு போகும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. பிறகு கரியும் எண்ணெயும் கலந்ததை மேலே தேய்த்து, துணியால் ஒரு துடைப்பு. கீறல்களுக்குள் கறுப்பு தங்கிவிட, எழுத்து எழுந்து நிற்கும். என்னோடு வந்திருந்த ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தியும் தன் பெயரைச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறவள். ஓலையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இதுல இருக்கிறது என் பேர்தானா சேர்?"

எழுதியிருந்தது சிங்களத்தில். உயர்தரத்துக்கு அவள் எடுத்த மூன்று பாடங்களில் ஒன்று, தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்.

பெறுபேறு வருகிற காலம் என்பதால், எந்தப் பட்டத்துக்கு எதிர்காலம் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். தொடர்பாடல் படிப்புக்கு நம் பிள்ளைகளிடம் இப்போது நல்ல மவுசு. களனியில் வெகுசனத் தொடர்பாடல் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கின்றன, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள். வெட்டுப்புள்ளி, விண்ணப்பம் எல்லாம் கைநூலில் உண்டு. பிள்ளைகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அன்று அந்த ஓலையைப் பார்த்த பிறகு எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அளுவிகாரை. வாயால் சொல்லிச் சொல்லிக் காத்துவந்த பௌத்த வேதத்தைப் பிக்குகள் முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம். வலகம்பா மன்னன் காலம், கி.மு. முதலாம் நூற்றாண்டு. தென்னிந்தியப் படையெடுப்பும் கொடும் பஞ்சமும் ஒன்றாக வந்த நாட்கள் அவை. மனப்பாடம் செய்தவர்கள் பட்டினியில் இறந்துபோனால் வேதமும் போய்விடும் என்ற பயத்தில் எழுதினார்கள். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை வெள்ளையர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிகள் அழிந்தன. வாய்மொழி எழுத்தாக மாறியதைப் பாடப்புத்தகம் தூர தேசத்து உதாரணங்களோடு சொல்லிக்கொடுக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது பஸ்ஸில் பத்து நிமிடம்.

அதே வீதியில் இன்னும் மேலே போனால் நாலந்த கெடிகே. பல்லவர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு உடனே பழகிய இடமாகத் தெரியும். கட்டட அமைப்பு அப்படி. வழிபாடு பௌத்தம். போவதென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீருக்குள் போய்விடாமல் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். யார் கட்டியது, யாருக்குச் சொந்தம் என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மரபு ஒரே சுவருக்குள் எப்படி ஒட்டிக்கொண்டன என்று உட்கார்ந்து பார்க்கலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் ஓடும் நாளில் வடம் தொட வருகிற சிங்களத் தாய்மாரையும் பார்க்கலாம். 1983 கலவரத்தில் அந்தக் கோயில் தாக்கப்பட்டதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் சிங்களவர். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒன்பது. தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு பெட்டியில் எண்ணுகிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம், சேர்த்தால் நூற்றுக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பெட்டியிலும் தம்பி மற்றதிலும் பதிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது, 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் தலைகளைப் பங்கிட்டுக்கொண்டன, 2003இல் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வந்தது. இத்தனைக்கும் பிறகு 'நீங்கள் யார்' என்று கேட்டால் அண்ணனும் தம்பியும் வேறு வேறு பதில் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளைக் காடு தாண்டி, வழியில் சொந்தங்களைப் புதைத்துவிட்டு மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2023இல், அவர்கள் வரத் தொடங்கிய 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் முடிந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கு ஒரு துறையே வெளிநாட்டில் இருக்கிறது. ஒப்பீட்டு இனத்துவக் கற்கை என்று சொல்லலாம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பரில் வகுப்பைப் புறக்கணித்து இறங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகள், ஆசியப் பிள்ளைகள், மெக்சிக்கோ வழி வந்தவர்கள், பூர்வகுடிகள் எல்லோரும் ஒன்றாக நின்று, எங்கள் வரலாற்றையும் பாடமாக்கு என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச் வரை நின்று வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். நம் நாட்டிலும் 1982இலேயே கொழும்பிலும் கண்டியிலும் இனத்துவக் கற்கைகளுக்கென்று ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் நூல்களை ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். ரத்தோட்டைப் பிள்ளைக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது.

அந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இரவு நேரம். கறியில் கட்டியாக ஏதோ கிடக்கிறது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய மாத்திரை போட்டாயா என்று கல்லாவில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள். அவருக்குச் சிங்களம் அரைகுறை. கேள்வி சரியாக விளங்காமல், பயத்தில், 'ஆமாம், போட்டோம்' என்று பொருள்படும் இரண்டு சொல் அவர் வாயிலிருந்து வருகிறது. கைபேசி அதைப் பதிந்துகொள்கிறது. அந்தத் துண்டு நாடு முழுவதும் பறந்தது. கட்டியை அரச பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள், வெறும் மாவு. அதற்குள் அந்த ஊரில் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டாயிற்று. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதம் இறந்தபோது, ஏற்கெனவே காய்ந்துகிடந்த மனங்களில் தீ பற்றியது. திகன எரிந்தது, அக்குறணைவரை வந்தது. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறினால் அக்குறணையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவசரகால நிலை அறிவித்து, சமூக ஊடகங்களை ஒரு வாரமளவில் நிறுத்திவைத்தார்கள்.

தொடர்பாடல் வகுப்பில் முதல் வாரமே கரும்பலகையில் ஒரு படம் வரைவார்கள். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், நடுவே இரைச்சல். 1948இல் ஷானன் என்ற பொறியியலாளர் தொலைபேசிக் கம்பியை மனதில் வைத்து வரைந்தது. எங்கள் பிள்ளைகள் அதைத் தலைகீழாக ஒப்புவிப்பார்கள். அம்பாறைக் கடையில் எது இரைச்சல் என்று நான் ரத்தோட்டைப் பிள்ளையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாஷைதான் சேர். ஆனா புத்தகத்துல றோட்டுச் சத்தம், மைக் கோளாறு அப்பிடித்தான் போட்டிருக்கு."

மாத்தளை நகரிலேயே தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. இதே பாடத்தை, இதே படத்தை, இரண்டு மொழிமூலத்தில் அவரவர் வகுப்பில் படிக்கிறார்கள். இவள் இரண்டு வருடத்தில் ஒரு சிங்கள மாணவியோடும் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு சிங்களப் பத்திரிகையின் தலைப்பை வாசித்ததில்லை. பல்கலைக்கழகம் போனாலும் பெரும்பாலும் இதே கதை. ஒரே சிற்றுண்டிச்சாலை, வேறு வேறு விரிவுரை மண்டபம். செய்தியை எப்படித் தெரிவுசெய்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று ஆய்வுக் கட்டுரை எழுதும்போதும் அவரவர் மொழிப் பத்திரிகையை மட்டும் வைத்தே எழுதுகிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டிலேயே, பேராதனையில் கற்பித்த சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அவர் எடுத்த வடிவம் நாடகம, அதாவது நம் கூத்து தென்னிலங்கைக் கரையில் சிங்களத்துக்குள் போய் வளர்ந்த வடிவம். அதைப் பார்த்த வித்தியானந்தன், நம்மிடம் இருக்கும் கூத்தை நாம் ஏன் இப்படிச் செம்மைப்படுத்தவில்லை என்று மட்டக்களப்புப் பக்கம் திரும்பினார்; 1962இல் 'கர்ணன் போர்' மேடை ஏறியது. ஒரே வளாகத்தில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் மற்றவருடைய வேலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால் விளைந்தது அது. இனத்துவ ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரிலும் அப்படிப்பட்டவர் இருந்தார். மாத்தளையின் பழைய பெயரான பண்ணாமத்தைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்ட பண்ணாமத்துக் கவிராயர், பிறமொழிக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து தந்தவர்.

இந்தக் கவலை எனக்குப் புத்தகத்தில் இருந்து வந்ததும் இல்லை. அப்பா வேலையிலிருந்து நின்ற வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். லயத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் அம்மா அதைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோனார். "எல்லாஞ் சரியாம், காசு வருமாம்" என்றார் கடையில் நின்ற ஒருவர். அம்மா கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். உண்மையில் அதில் இருந்தது, இந்தத் திகதிக்கு முன் இன்ன பத்திரங்களோடு நேரில் வாருங்கள் என்பது. திகதி போய்விட்டது. காசு கைக்கு வர மேலும் இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில்தான் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போனான்.

தமிழும் 1987இலிருந்து அரசகரும மொழி. கடிதம் தமிழில் வந்திருக்கவேண்டும், நாம் ஏன் வளையவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். முதலில் ஆங்கிலம், அதுதான் வேலை தரும் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் பேசுவது ஆங்கிலம் இல்லையே. 2007ஆம் ஆண்டு வந்த சுற்றறிக்கை, அரச சேவையில் புதிதாகச் சேர்கிறவர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும் என்றது. வேலைக்குச் சேர்ந்த பிறகு, முப்பது வயதில், பரீட்சைக்காக ஏன் படிக்கவேண்டும்? கீழ் வகுப்புகளில் இருக்கும் இரண்டாம் தேசிய மொழிப் பாடம் சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகச் சுருங்குகிறது, உயர்தரத்தில் கண்ணிலேயே படுவதில்லை. மற்றப் பாடம் எப்படியோ போகட்டும். தொடர்பாடல் என்று பெயர் வைத்த பாடத்துக்காவது அதைக் கட்டாயமாக்குங்கள். பட்டப் படிப்பில் ஒரு தவணை, தமிழ் மாணவர் சிங்களப் பத்திரிகையையும் சிங்கள மாணவர் தமிழ்ப் பத்திரிகையையும் வாசித்து எழுதட்டும். அளுவிகாரைக்கும் நாலந்தவுக்கும் ஒரே பஸ்ஸில் அனுப்புங்கள்.

அன்று திரும்பி வரும்போது அவள் ஓலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எந்த எழுத்து எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் பெயர் 'மா'வில் தொடங்குகிறது. அந்த எழுத்தை ஜன்னல் கண்ணாடியில் விரலால் நாலைந்து தரம் எழுதிப் பார்த்தாள். மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் எதிரே ஒரு பஸ் நின்றது, நெற்றியில் சிங்களத்தில் ஊர்ப்பெயர். ஓலையைத் தூக்கிப் பலகைக்கு நேரே பிடித்தாள்.

"முதல் எழுத்து என்னோடது சேர்."