கணனியின் மின்சாரப் பெட்டி: குறைந்த செலவில் நல்லதைத் தெரிவது எப்படி?

பிள்ளைகளின் படிப்புக்கென்றும், தையல், கேக் ஓர்டர் போன்ற வீட்டுத் தொழில்களின் கணக்குக்கென்றும் இன்று எத்தனையோ குடும்பங்கள் சீட்டுக் காசைச் சேர்த்துக் கணனி வாங்குகின்றன. கடைக்குப் போனால் நாம் கேட்பதெல்லாம் "எத்தனை ஜீபீ? எவ்வளவு வேகம்? திரை எத்தனை அங்குலம்?" என்பவைதான். "உள்ளே என்ன பவர் சப்ளை போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் மிக அரிது. "விலையைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று நாம் வற்புறுத்தும்போது, எவரும் கேட்காத அந்தப் பொருளில்தான் பெரும்பாலும் தரம் குறைகிறது.

அதிக விலை கொடுத்தால்தான் நல்லது கிடைக்கும் என்பதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

அது செய்யும் வேலை

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரம். கணனியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேரோட்ட மின்சாரம். கணனியின் பின்புறத்தில், கரண்ட் வயரைச் செருகும் இடத்தில், சிறு மின்விசிறியோடு இருக்கும் இரும்புப் பெட்டியே இந்த மாற்றத்தைச் செய்கிறது. அடுப்புக்கு கேஸ் ரெகியுலேட்டர் எப்படியோ, கணனிக்கு இது அப்படி.

நல்ல பவர் சப்ளை, மின்சாரம் எல்லை மீறினாலும் உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று பட்டுக்கொண்டாலும் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். மட்டமானதோ, தான் எரிந்து போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். மதர்போர்டைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகளையும், பிள்ளைகளின் சிறு வயதுப் படங்களையும் எந்தக் கடையில் வாங்குவது?

எத்தனை வாட்ஸ் போதும்?

எழுத்து வேலை, ஒன்லைன் வகுப்பு, வீடியோ பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணனி, தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லையென்றால், பெரும்பாலும் 100 வாட்ஸுக்கு உள்ளேயே இழுக்கும். பழைய காலத்து மின்குமிழ் ஒன்று எரிவதற்குச் சமம். அதற்குத் தரமான 300 முதல் 400 வாட்ஸ் பவர் சப்ளை தாராளம். மகன் விளையாட்டுக்காகவோ படம் வரையும் வேலைக்காகவோ கிராபிக்ஸ் கார்ட் போடக் கேட்டால், அந்தக் கார்டுக்குத் தனி வயர் தேவையா என்று விசாரியுங்கள். தேவையில்லாத சிறிய கார்ட் 75 வாட்ஸுக்கு மேல் எடுப்பதில்லை. அதற்கும் நல்ல 400 வாட்ஸ் போதும்.

ஆகவே "600 வாட்ஸ் தருகிறோம்" என்ற பேச்சில் மயங்கத் தேவையில்லை. அந்த 600 உண்மையானதா என்பதுதான் கேள்வி.

லேபலை வாசியுங்கள்

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலில் 12 வோல்ட் என்ற இடத்தைத் தேடுங்கள். அதன் கீழே எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். அதை 12 ஆல் பெருக்குங்கள். இன்றைய கணனிகள் பெரும்பகுதி மின்சாரத்தை இந்த 12 வோல்ட் வழியாகத்தான் எடுக்கின்றன.

ஒரு பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்றும், 12 வோல்ட் இடத்தில் 16 அம்பியர் என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 தர 16, 192 வாட்ஸ்தான். மற்றொரு 450 வாட்ஸ் பெட்டியில் 36 அம்பியர் இருந்தால் 432 வாட்ஸ். இரண்டின் பெயரும் ஒன்று, பெறுமதி வேறு. 12 வோல்ட் கணக்கே எழுதப்படாத பெட்டியை வாங்காமல் விடுவது நல்லது.

அடுத்து '80 பிளஸ்' என்ற முத்திரையைப் பாருங்கள். 2004இல் தொடங்கிய இத்திட்டத்தின்படி, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்காவது கணனிக்குப் போய்ச் சேர வேண்டும். மீதி வெறும் சூடாக வீணாகிறது. 100 வாட்ஸ் தேவைப்படும் கணனிக்கு, நூற்றுக்கு 70 பங்கு கொடுக்கும் மட்டமான பெட்டி சுவரிலிருந்து 143 வாட்ஸ் எடுக்கும். 85 பங்கு கொடுப்பது 118 வாட்ஸ் எடுக்கும். நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் பாவித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ நாலரை யூனிட் மிச்சம். வெண்கலம், தங்கம் என்று மேல் தரங்களும் உண்டு. வீட்டுப் பாவனைக்குச் சாதாரணமோ வெண்கலமோ போதும். ஆனால் இந்த முத்திரை மின்சாரச் சிக்கனத்தை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்பு வசதிகளையும் உத்தரவாதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும்.

நமது மின்சாரமும் இடி மின்னலும்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எந்த வீடும் மறந்திருக்காது. 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. கரண்ட் போவதைவிட, திரும்பி வரும் நேரத்து ஏற்ற இறக்கமே அதிகம் ஆபத்தானது. கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே கணனியையும் இணைய ரவுட்டரையும் கழற்றிவிடுவது நல்லது.

யூபிஎஸ் வாங்குவோர் 650 விஏ என்பதை 650 வாட்ஸ் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது 400 வாட்ஸுக்கு உள்ளேதான். வேலையைச் சேமித்துவிட்டு முறையாக நிறுத்த அவகாசம் தருவதே அதன் பணி. அதில் அயர்னையோ மின்விசிறியையோ செருகாதீர்கள்.

கணனியின் இரும்பு உடலைத் தொடும்போது கையில் சுள்ளென்று படுகிறதா? எர்த் வயர் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் பொருள். இரண்டு முள் அடப்டரைப் போட்டு எர்த்தைத் துண்டித்தவர்கள் அதை உடனே அகற்ற வேண்டும். பிளக் பொயின்டை வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பாவித்த கணனி வாங்கினால்

சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். சவூதியிலும் நீண்ட காலம் 127 வோல்ட் புழக்கத்தில் இருந்தது. அப்படியான இடங்களிலிருந்து வந்த கணனியில் சுவிட்ச் 115இல் இருக்க, அதை இங்கே செருகினால் பெட்டி வெடிச் சத்தத்தோடு பழுதாகிவிடும். செருகுமுன் 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். லேபலில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை.

அலுவலகங்களில் கழித்த டெல், எச்பி போன்ற கணனிகள் பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் வயர் முனையும் தனி வகை. சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி அவற்றுக்குப் பொருந்தாது. மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

பழுதின் அறிகுறிகள்

வேலை நடுவே தானாக நின்று மீண்டும் தொடங்குவது, பட்டனை இரண்டு மூன்று முறை அமுக்கினால்தான் உயிர் பெறுவது, கருகிய மணம், விசிறியின் இரைச்சல். இவற்றைக் கண்டால் வைரஸ் என்று மட்டும் நினைக்காமல் பவர் சப்ளையையும் சோதிக்கச் சொல்லுங்கள். வெளியே படியும் தூசியை மாதமொருமுறை துடைக்கலாம். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கடையில் கேட்க வேண்டியவை

1. 12 வோல்ட்டில் எத்தனை அம்பியர்?
2. 80 பிளஸ் முத்திரை உண்டா?
3. மிகை வோல்ட், மிகைச் சுமை, குறுஞ்சுற்று ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா?
4. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? நல்ல தயாரிப்புகளுக்கு 3 அல்லது 5 ஆண்டு கொடுப்பதுண்டு.
5. கேசிங்கோடு இலவசமாக வருவதை விட்டு, வேறொன்றைப் போட்டால் எவ்வளவு கூடும்?

ஐந்தாவது கேள்விக்கான பதில் பல நேரங்களில் நாம் பயந்த அளவு பெரிதாக இருக்காது. கேசிங்கின் வண்ண விளக்குகளைக் குறைத்து அந்தக் காசை இதில் போடலாம். பற்றுச்சீட்டில் பவர் சப்ளையின் பெயரையும் வாட்ஸையும் தனியாக எழுதி வாங்கி, உத்தரவாத அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.