இதயம் காக்கும் வேரும் கடற்பாசியும்: நம்பிக்கைக்கு முன் தேவை சோதனை

புது தில்லி: தலைநகரின் கரோல் பாகில் உள்ள ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரியை 1921-ம் ஆண்டு பிப்ரவரியில் மகாத்மா காந்தி திறந்து வைத்தார். அதை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான், மரபு மருந்துகளை நவீன வேதியியலின் உரைகல்லில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பியவர். அதற்காக அவர் அழைத்து வந்த இளம் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திகி, 1931-ல் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். தம்மை ஆதரித்த ஹக்கீமின் நினைவாக அதற்கு "அஜ்மலின்" என்று பெயரிட்டார். இதயத் துடிப்பில் மறைந்திருக்கும் ஒருவகைக் கோளாறைக் கண்டறிய, சில நாடுகளின் மருத்துவமனைகளில் அது இன்றும் பயன்படுகிறது.

அதே வேர் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதன்பின் உலகின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து "ரெசர்பின்" பிரிக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் அம்மருந்தின் பயன்பாடு பின்னர் குறைந்தது. ஆனால் அதற்குள் காடுகளில் வேர் அகழ்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கான "சைட்டிஸ்" பட்டியலில் இச்செடி இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

குக்குலு தந்த பாடம்

ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் குக்குலுவின் கதை வேறு. அதன் பிசின் கொழுப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் லக்னௌ மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மருந்து 1980-களில் விற்பனைக்கு வந்தது. ஆனால், 103 பேரிடம் எட்டு வாரங்கள் நடத்தப்பட்டு 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கெட்ட கொழுப்பு குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடியது தெரியவந்தது. அச்செடியும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இப்போது கடற்பாசியின் காலம். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் கடற்பாசிச் சாற்றிலிருந்து துணை உணவுப் பொருள்களை உருவாக்கியுள்ளது. 2021-22 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூர் தேர்வு செய்யப்பட்டது. மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களுக்கோ, தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதியில் நுழையத் தடை. பாசியின் மதிப்பு உயரும்போது அதன் பயன் அவர்களுக்கும் சேருமா என்பது அரசு பதில் கூற வேண்டிய கேள்வி.

சட்டம் சொல்வது

பழுப்புப் பாசிகளில் உள்ள "ஃபுகாய்டன்", ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மையை ஆய்வகங்களில் காட்டியுள்ளது. எனினும் ஆய்வகக் குடுவையில் கிடைக்கும் வெற்றி நோயாளியின் உடலில் அப்படியே நிகழும் என்று கொள்வதற்கில்லை. பாசியில் அயோடின் மிகுதி என்பதால் தைராய்டு நோயாளிகளுக்கு எச்சரிக்கை தேவை. ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடுவது ஆபத்து.

இதய நோயையும் ரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. ஆயினும் அத்தகைய விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை. அவற்றை நம்பி அன்றாட மாத்திரையை நிறுத்துவோர் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர். மரபைப் போற்றிய ஹக்கீம் அஜ்மல் கானே அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத் தயங்கவில்லை என்பதை மறந்துவிடலாகாது.