யோபின் பொறுமை

கிறித்தவ சமயத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டு யார் என வினவினால், யோபு என்றே பலரும் விடை கூறுவர். புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் நிருபம், 5ஆம் அதிகாரத்தில், அவர் பொறுமையைப் பெயர் சுட்டிப் பாராட்டுகிறது. ஆயின் பழைய ஏற்பாட்டில் யோபின் நூலையே எடுத்துப் படிப்போர் திகைப்படைவர். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில், செல்வத்தையும் மக்களையும் உடல் நலத்தையும் இழந்த யோபு அமைதியாக அடங்கிப் பேசுவது முதலிரண்டு அதிகாரங்களில்தான். மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். பின்னர்க் கடவுளோடு வழக்காடுகிறார். இதனைப் பொறுமை என்பது எங்ஙனம் பொருந்தும்?

யாக்கோபின் நிருபம் கிரேக்க மொழியில் எழுந்தது. அதில் பொறுமையைக் குறிக்க இரு சொற்கள் வருகின்றன. ஒன்று 'மக்ரோதூமியா', சினம் மூளாமல் நெடிது தாங்குதல் என்பது அதன் சொற்பொருள். மற்றொன்று 'ஹூப்பொமொனே', சுமையின்கீழ் நிலைத்து நிற்றல் என்பது பொருள். தமிழ் வேதாகமத்தின் பழைய பெயர்ப்பு அந்நிருபத்தில் முன்னதை 'நீடிய பொறுமை' என்றும் பின்னதைப் 'பொறுமை' என்றும் வழங்குகிறது. யோபுக்கு உரியதாகச் சொல்லப்படுவது பின்னதே.

தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலைப் 'பொறையுடைமை' என 16ஆம் அதிகாரத்திலும், துன்பத்திற்குத் தோற்காத திண்மையை 'இடுக்கண் அழியாமை' என 63ஆம் அதிகாரத்திலும் வள்ளுவர் பிரித்தே வைத்தார். இரண்டும் முற்றும் ஒன்றென்று கூற மாட்டேன்; எனினும் யோபினுடையது இரண்டாம் வகைக்கே நெருங்கியது. ஒன்று மட்டும் வேறு: வள்ளுவர் இடுக்கண் வருங்கால் நகச் சொல்கிறார், யோபு நகவில்லை, அழுகிறார்.

ஆறுதல் கூற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவரும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாது உடன் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. வாய் திறந்ததும், பாவம் செய்யாதவனுக்குத் துன்பம் வராது என்று வாதிட்டு, யோபைக் குற்றவாளியாக்கினர். இழவு வீட்டிற்குச் சென்று, "எல்லாம் செய்த வினை, பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வருகின்ற நம்மவர் சிலரை இவர்கள் நினைவூட்டுகின்றனர்!

யோபின் வாதமோ தனித்தன்மை உடையது. கடவுள் தம்மை ஒடுக்குவதாக 16ஆம் அதிகாரத்தில் முறையிடும் அவரே, தமக்குச் சாட்சி விண்ணுலகில் இருப்பதாகவும் அங்கேயே கூறுகிறார். கடவுள்மீதுள்ள வழக்கைக் கடவுளிடமே கொண்டுசெல்கிறார். வேறு மன்றம் தேடவில்லை. கிறித்தவர் கூறும் நம்பிக்கை என்பதன் வேர் இங்கே புலப்படும்.

38ஆம் அதிகாரத்தில் சூறைக்காற்றினின்று இறைவன் பேசுகிறார். அறிவின்றிப் பேசியதற்காக யோபைக் கடிகிறார். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு மட்டும் விடை தரவில்லை. யோபு பணிகிறார். ஆயினும் இறுதியில் கடவுளின் சினம் நண்பர்மீதே பாய்கிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபே எனத் தீர்ப்பளித்து, அம்மூவர்க்காக யோபே வேண்டுதல் செய்யவும் பணிக்கிறார்.

இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. மக்களோ முன்போலவே ஆண்கள் எழுவர், பெண்கள் மூவர். அத்தொகை இரட்டிக்கவில்லை, மாண்ட பதின்மர் மீண்டு வந்ததாகவும் நூல் சொல்லவில்லை.