இரும்புக்கும் களைப்பு உண்டு

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தை அறியாதார் இலர். தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் காலத்தில், 1924ஆம் ஆண்டு, அவர்தம் துணைவியாரின் பெயரால் வாவிக்குக் குறுக்கே எழுந்தது அவ்விரும்புப் பாலம். பாடும் மீன்களின் புகழும் அதனோடு இணைந்தே வளர்ந்தது. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது அதனருகே நிற்கிறது.

இத்துணைக் காலம் சுமை தாங்கிய இரும்பு களைத்துப் போகுமா? போகும் என்கிறது விஞ்ஞானம். கம்பியொன்றை ஒரு முறை வளைத்தால் முறிவதில்லை. முன்னும் பின்னும் பன்முறை வளைத்தால் முறிந்துவிடும். அவ்வாறே, பெரும் பாரத்தைத் தாங்கவல்ல உருக்கும், சிறு பாரம் இலட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் நுண்ணிய வெடிப்புக் கொள்ளும். இதுவே உலோகக் களைப்பு. புகைவண்டி அச்சுக்கள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ஓகஸ்ட் வோலர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இதனை விளக்கினார்.

உவர்க்காற்று வீசும் நம் பிரதேசத்தில் துருவும் இதற்குத் துணை செய்கிறது. துருவேறுகையில் சிறிதளவு ஐதரசன் உருக்கினுள் புகுவதுண்டு. புகுந்த ஐதரசன் உலோகத்தை நொறுங்குந் தன்மையதாக்கி, வெடிப்பை விரைந்து வளரச் செய்யும். சாதாரண மென்னுருக்கைவிட மிகவலிய உருக்கே இதற்கு எளிதில் இரையாகிறது என்பது வியப்பு!

துருவைத் தடுக்க நாக முலாம் இருக்கிறதே என்பீர்கள். நன்று, ஆனால் மின்சாரத்தால் முலாமிடும்போதே ஐதரசன் உட்புகக்கூடும், முலாமும் அது வெளியேறுவதைத் தடுக்கும். ஆகவே வலிய உருக்காணிகளை முலாமிட்டபின் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் வைத்து அதனை வெளியேற்றுவர்.

நோயைக் கண்டறியவும் வெப்பமே உதவுகிறது. உருக்குத் துண்டைப் படிப்படியாகச் சூடாக்கி, எவ்வெப்பநிலையில் எவ்வளவு ஐதரசன் வெளிவருகிறது என்று அளப்பர். மற்றொரு முறையில், துண்டை மீண்டும் மீண்டும் இழுத்து அமுக்கி, அதில் எழும் மிகச் சிறிய சூட்டை வெப்பப்படக் கருவியால் நோக்குவர். தாங்கும் எல்லையைக் கடந்த உலோகம் கூடுதலாகச் சூடேறும். நம் வைத்தியர் உடற்சூட்டைப் பார்ப்பது போன்றதே இது.

அலட்சியத்தின் விலை பெரிது. அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் மீதிருந்த வெள்ளிப் பாலம் 1967 டிசம்பர் 15ஆந் திகதி இடிந்து 46 உயிர்கள் மாண்டன. துருவும் சுமையும் சேர்ந்து விளைத்த, ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் ஆழமான ஒரு வெடிப்பே அதற்குக் காரணம். பாகங்களைக் கழற்றினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அது ஒளிந்திருந்தது.

ஆதலின், பாலமாயினும் தோணியின் இயந்திரமாயினும், மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு அமைதி கொள்ளலாகாது. பொருத்துக்களையும் ஆணிகளையும் காலந்தவறாது சோதித்தல் வேண்டும். அவற்றை நம்பியே நம் பிள்ளைகள் வாவியைக் கடக்கின்றனர்.