மனச்சோர்வு: நெடுநாள் காரணமும் உடனடித் தூண்டலும்

மண்சரிவை ஆராய்வோர், பல்லாண்டுகளாக மலையை நலிவுறச் செய்யும் சரிவின் செங்குத்து, மண்ணின் தன்மை, வடிகாற் குறைபாடு ஆகியவற்றை ஏதுநிலைக் காரணிகள் என்றும், நலிந்த மலையின்மேல் இறுதியாக வந்து விழும் கனமழையைத் தூண்டுகாரணி என்றும் பிரித்தறிவர். 2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கையின் ஹல்துமுல்லைப் பிரிவைச் சேர்ந்த மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுள் புதைந்தமைக்குத் தொடர்மழை தூண்டுகாரணியாயினும், அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மனச்சோர்வின் காரணங்களை ஆராய்வதற்கும் இப்பகுப்பு பொருந்துகிறது.

துயரமோ ஆர்வமின்மையோ குறைந்தது 2 வாரங்கள் நீடித்து, தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவற்றையும் குலைக்கும்போதே அந்நிலை மனச்சோர்வு நோய் எனப்படுகிறது. மூளையில் செரட்டோனின் குறைவதே இதற்குக் காரணம் என்ற எளிய விளக்கத்தை இன்றைய ஆய்வாளர் பலர் போதுமானதாகக் கருதுவதில்லை. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை ஏறத்தாழ 37 சதவீதம் என மதிப்பிடுகின்றன. அது மக்களிடையே காணப்படும் வேறுபாட்டைக் குறிக்குமேயன்றி, ஒருவரது நோயில் அத்தனை பங்கு மரபணுவால் விளைந்தது என்று பொருள்படாது. சிறுவயது இழப்புகளும் வன்முறையும், கோர்ட்டிசோல் என்னும் சுரப்பை ஆளும் அழுத்த எதிர்வினை அமைப்பை மாற்றிவிடுவதால், பிற்காலத்து நெருக்கடிகளை உடல் மிகைப்பட எதிர்கொள்ள நேரிடலாம்.

இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் வெளியிட்ட நூல், கடுமையான வாழ்க்கை நிகழ்வுகள் எல்லோரையும் ஒரே அளவில் வீழ்த்துவதில்லை என்றும், மனந்திறந்து பேசத் துணையின்மை, சிறு குழந்தைகள் பலரைப் பேணும் சுமை, சிறுவயதிலேயே தாயை இழத்தல், வெளியில் வேலையின்மை ஆகியவை அந்நிகழ்வுகளின் தாக்கத்தைக் கூட்டுகின்றன என்றும் காட்டியது. இவற்றுள் கடைசியானது, நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படியே பொருந்தாது. அவளுக்கு வெளியில் வேலை உண்டு. ஆயினும் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ எனப் பாதியாகிவிடும் நாட்சம்பளம், நெருக்கமான லயத்து அறை, கணவனின் குடி, அடைபடாத கடன், வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றவர்களின் பிரிவு ஆகியன அங்கே நெடுநாள் காரணிகளாகின்றன.

தூண்டுகாரணிகளுள் முதன்மையானது இழப்பு. மீரியபெத்தையில் உறவினரும் வீடும் ஒரே காலையில் போயின. புதிய வீடுகள் கையளிக்கப்படும்வரை, ஏறத்தாழ 2 ஆண்டுகள், குடும்பங்கள் பல தற்காலிக முகாமில் வாழ்ந்தன. பேரிடருக்குப் பிந்திய மனநலம், இழப்பின் அளவோடு இத்தகைய நீண்ட காத்திருப்பையும் சார்ந்திருப்பதாக உலகெங்கும் நடந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன. மகப்பேறு, தைரொயிட் குறைபாடு, நாட்பட்ட நோய், மதுப்பழக்கம் ஆகியவையும் மனச்சோர்வைத் தூண்டக்கூடும். முதல்முறை பெருந்துயரின் பின் வந்த நோய், மீண்டும் மீண்டும் வரும்போது சிறு தூண்டலுக்கும் எழக்கூடும் என்று மனநல ஆய்வாளர் ரொபர்ட் போஸ்ட் 1992இல் முன்வைத்த கருதுகோள், முதல் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்பதற்கு வலுச்சேர்க்கிறது.

தூண்டலை மட்டுமே காரணமாகக் கொள்வோர், துக்கம் நாளடைவில் ஆறிவிடும் என்று காத்திருப்பர். நெடுநாள் காரணிகளை மட்டுமே காண்போர், வறுமை ஒழியாமல் எதுவும் ஆகாது என்று கைவிடுவர். உளவழிச் சிகிச்சையும் மருந்தும் வறுமை நீங்குமுன்னரே பயன் தருவன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வழியே ஆலோசனையும் பெறலாம். ஆனால் நலமடைந்தவர் அதே கடனுக்கும் அதே லயத்து அறைக்குமே திரும்ப வேண்டியிருந்தால் நோய் மீளும் வாய்ப்பு மிகுதியாகும் என்பதால், வீடும் கூலியும் மனநலத் திட்டத்தின் உறுப்புகளாகவே கொள்ளப்பட வேண்டியவையாகும்.