மஞ்சளான புல்தரை

பெசன்ட் நகர் கடற்கரையில் வடக்கு நோக்கி நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக ஊரூர் ஒல்காட் குப்பம் வரும். பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் இந்த மீனவர் குப்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. படகுகளையும் வலைகளையும் பார்த்து முடித்த பிறகு மணலையும் சற்றுக் கவனியுங்கள். இரண்டாகப் பிளந்த இலைகளுடன் அடும்புக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். அதற்கு யாரும் நீர் ஊற்றுவதில்லை, உரம் இடுவதில்லை. உப்புக் காற்றில், சுடுமணலில், அது தன் பாட்டுக்கு ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மதில் சூழ்ந்த வீடுகள் உள்ளன. அவற்றின் அடியிலும் அதே மணல்தான். மேலே சில அங்குலம் செம்மண்ணும் எருவும் பரப்பி, புல்தரை வளர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள அருகம்புல் தரை ஒன்று இருந்தது. அதில் கோரை முளைத்துவிட்டது. தோட்ட வேலை செய்பவர், ஊரில் மக்காச்சோளக் கொல்லைக்குத் தெளித்தது போக மீந்த களைக்கொல்லிப் பொடியைக் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி கரைத்துத் தெளித்தார். அது ஆடி மாதம். பத்து நாளில் அருகம்புல் மஞ்சளாகிக் கருகத் தொடங்கியது. கோரை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது!

அக்கம்பக்கத்தார் மூன்று யோசனைகள் கூறினர். யூரியா போடுங்கள் என்றார் ஒருவர். மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் புது மண் போடுங்கள் என்றார் மற்றொருவர். மோட்டாரைப் போட்டு நன்றாக நீர் பாய்ச்சுங்கள், நஞ்சு கழுவிக்கொண்டு போய்விடும் என்றார் மூன்றாமவர். வீட்டுக்கார அம்மாள் மூன்றாவது யோசனையை ஏற்று, இரண்டு நாள் மாலையில் தரை குளமாகும்படி நீர் பாய்ச்சிவிட்டார். நஞ்சு கழுவிக்கொண்டு எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. நாம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்.

முதலில், தெளித்தது எந்த மருந்து என்று அறிய வேண்டும். களைக்கொல்லிகள் எல்லாம் ஒரே வழியில் செடியைக் கொல்வதில்லை. 1940-களில் வந்த 2,4-டி என்பது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள். அகன்ற இலைச் செடிகள் அதனால் முறுக்கிக்கொண்டு சாகும். புல் பெரும்பாலும் தப்பிவிடும். 1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் வேறு வகை. இலை வழியே நுழைந்து, சர்க்கரையோடு சேர்ந்து வேர்வரை இறங்கி, சில அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க முடியாமல் செய்துவிடும். அதில் இளந்தளிரே முதலில் வெளுக்கும். மண்ணுக்குள் இருக்கும் தண்டும் செத்துப்போகும்.

இந்தத் தரையிலோ வயதான இலைகள் முதலில் வெளுத்தன. அதிலும் நுனியும் ஓரமும் முதலில். இன்னொரு துப்பும் கிடைத்தது: புங்க மரத்தின் நிழலில் இருந்த பகுதி வெகு நாள் பச்சையாகவே இருந்தது. இவை இரண்டும், மக்காச்சோளக் கொல்லை என்பதும் சேர்ந்து, மருந்து அட்ரசின் என்று காட்டின. பொடி இருந்த உறையிலும் அந்தப் பெயரே இருந்தது.

நிழலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அட்ரசினை வேர் நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. நீர் மேலேறி இலையில் ஆவியாகிறது. மருந்து இலை ஓரத்தில் தங்கிவிடுகிறது. நெடுநாள் நீரை ஆவியாக்கிய முதிய இலையில் அது அதிகம் சேர்வது இயல்புதானே? அங்கே பச்சையம் ஒளியைப் பிடித்து எலெக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியில் அட்ரசின் போய் அடைத்துக்கொள்கிறது. எலெக்ட்ரான் போக வழியில்லை. ஒளியோ வந்துகொண்டே இருக்கிறது. போக்கிடமற்ற அந்த ஆற்றல், ஆக்சிஜனை மிகக் கொடிய வடிவமாக மாற்றி, செல்லின் சவ்வுகளைச் சிதைக்கிறது. ஆகவே இலை பட்டினியால் மட்டும் சாகவில்லை. தன்னை வளர்த்த வெயிலாலேயே வெந்து போகிறது. நிழலில் ஒளி குறைவு. சிதைவும் மெல்ல நடந்தது.

மக்காச்சோளமும் புல் இனம்தான். அது எப்படித் தப்புகிறது? அதன் செல்கள் குளூட்டாதயோன் என்ற பொருளை அட்ரசினோடு பிணைத்து, விரைவில் செயலற்றதாக்கிவிடுகின்றன. அருகம்புல்லுக்கு அவ்வளவு வேகம் இல்லை. கோரைக்கோ மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. அட்ரசினால் அதை அடக்குவது கடினம். அதாவது, எதைக் கொல்ல நினைத்தார்களோ அதைக் கொல்லாத மருந்தைத் தேடிப் பிடித்துத் தெளித்திருக்கிறார்கள்!

அளவையும் பாருங்கள். மக்காச்சோளத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அட்ரசின் போதும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 0.1 கிராம். நமது புல்தரை 28 சதுர மீட்டர். அதற்கு மூன்று கிராம்கூட வேண்டாம். பொடியில் பாதி அட்ரசின் என்று கொண்டால், ஆறு கிராம் பொடி. கைப்பிடி என்பது எத்தனை கிராம் என்று நீங்களே உப்பை அள்ளி நிறுத்துப் பாருங்கள்.

இனி நீர் பாய்ச்சிய கதைக்கு வருவோம். களிமண்ணும் மட்கும் நிறைந்த மண் இத்தகைய பொருள்களைத் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். மணலால் அது முடியாது. இதை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். மூன்று புனல்களில் பஞ்சு வைத்து, ஒன்றில் கழுவிய மணலும், ஒன்றில் மட்கு நிறைந்த தோட்ட மண்ணும், ஒன்றில் கிளர்வுற்ற கரித்தூளும் நிரப்புங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள மெத்திலீன் நீலத்தை நீரில் கரைத்து, மூன்றிலும் சமமாக ஊற்றுங்கள். மணல் வழியே நீலம் பெரும்பாலும் அப்படியே இறங்கிவிடும். மற்ற இரண்டில் நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும். சாயமும் அட்ரசினும் ஒரே மாதிரி ஒட்டுவன அல்ல என்றாலும், மணலின் இயல்பு என்ன என்பது விளங்கிவிடும்.

மணலில் இறங்கியது எங்கே சேரும்? கடலோரத்தில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தியான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் நல்ல நீர் கிடைப்பது இதனால்தான். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முற்றத்தில் விழும் நீர் வீணாகாமல் நிலத்துக்குள் இறங்க வீடுகளில் குழிகள் அமைத்தோம். நல்ல ஏற்பாடு. ஆனால் முற்றத்தில் எது கரைந்திருக்கிறதோ அதுவும் சேர்ந்தே இறங்கும். மதிலுக்கு உள்ளே ஒரு கிணறு, குப்பத்தில் ஒரு கைப்பம்பு என்று மேலே பிரித்துப் பேசுகிறோம். கீழே நீருக்கு மதில் கிடையாது.

ஐரோப்பாவில் குடிநீரில் எந்த ஒரு பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்குப்படி ஒரு கிராம் அட்ரசின், ஒரு கோடி லிட்டர் நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஜெர்மனி 1991-லேயே அட்ரசினைத் தடை செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே நிலத்தடி நீரில் அதன் எச்சங்கள் காணப்பட்டன. மேல்மண்ணில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம் ஆழத்தில் இல்லை. எனவே அங்கு அது சிதைவது மிக மெதுவாகும். மண்ணை வாரிக் கொட்டுவதும் இதே தவறுதான்; நஞ்சு இடம் மாறும், அவ்வளவே.

மேல்மண்ணிலேயே வைத்து அதை ஒழிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். அவற்றுள் சில, அட்ரசினில் உள்ள நைட்ரஜனையே தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. எளிதில் கிடைக்கும் நைட்ரஜன் மிகுந்தால் அவை அட்ரசினை நாடுவது குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். யூரியா யோசனை ஏன் தவறு என்பது இப்போது புரிகிறதா? ஏற்கெனவே பச்சையம் இழந்து நிற்கும் புல்லை வளரச் சொல்லி விரட்டுவதும் நல்லதன்று.

ஆனால் பாக்டீரியாக்களுக்குக் காலம் வேண்டும். அட்ரசினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், மண்ணையும் வெப்பத்தையும் பொறுத்து மாறினாலும், ஏறத்தாழ இரண்டு மாதம். ஆடியில் தெளித்தது ஐப்பசி பிறக்கும்போது பாதியளவு மீதமிருக்கும். அப்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லண்டனைவிட இரு மடங்குக்கும் மேல். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். (தூறிக்கொண்டே இருக்கும் நாட்டில் பிறந்த புல்தரை வழக்கம் நமக்கு எதற்கு என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.) மோட்டார் விட்ட வேலையை மழை முடித்து வைக்காமல் இருக்க, அதற்குள் மருந்தைக் கட்டிப்போட வேண்டும்.

இதற்குக் கிளர்வுற்ற கரி உதவும். தேங்காய் ஓட்டிலிருந்தும் இது தயாராகிறது. ஒரு கிராம் கரியின் உள் துளைகளை எல்லாம் விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். அட்ரசின் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக் கரிக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு. சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிராம் வீதம், நமது தரைக்கு ஒன்றரைக் கிலோ கரித்தூள் வாங்கினார்கள். கடற்காற்றில் தூளாகத் தூவினால் அது நம் மூக்குக்கும் அடுத்த வீட்டுக் கொடித்துணிக்கும்தான் போகும். ஆகவே நீரில் குழைத்துப் பூவாளியால் ஊற்றி, மேல் இரண்டு அங்குலத்தில் மெல்லக் கிளறிவிட்டார்கள். இலைமட்கும் தூவப்பட்டது. பிறகு நீர் தேங்காமல், ஈரம் காயாமல் தெளித்து வந்தார்கள். இவற்றைப் பெரியவர்கள் கையுறை அணிந்து செய்தார்கள். நீங்களும் இத்தகைய மண்ணை வெறுங்கையால் தொடாதீர்கள்.

நஞ்சு அடங்கிவிட்டதா என்று எப்படி அறிவது? விலையுயர்ந்த கருவி வேண்டாம். வெள்ளரி விதை போதும். ஒரு தொட்டியில் புல்தரை மண், மற்றொன்றில் மருந்து படாத மண். இரண்டிலும் பத்துப் பத்து விதை ஊன்றி வெயிலில் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல முளைக்கும், உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். முளை முதலில் விதையிலைகளில் உள்ள சேமிப்பைத் தின்று வளர்கிறது. அது தீர்ந்து, ஒளிச்சேர்க்கையை நம்பி வாழத் தொடங்கும்போதுதான் அட்ரசின் தன் வேலையைக் காட்டும். எனவே மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே தரையைத் தோண்டிப் பார்த்தோம். அருகின் மண்ணடித் தண்டுகள் பல இடங்களில் வெண்மையாக, ஒடித்தால் சாறு கசியும்படி இருந்தன. கிளைபோசேட்டாக இருந்திருந்தால் இந்தத் தண்டுகளும் போயிருக்கும். நிழல் ஓரத்திலிருந்து புதுக் கணுக்கள் ஊர்ந்து வரத் தொடங்கின. புரட்டாசி முடிவில் இரண்டு தொட்டி வெள்ளரிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. கருகியே போன இடங்களில், கணுவுள்ள அருகுத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டார்கள். மதிலோரம் இரண்டு முழ அகலத்துக்குப் புல்லே வேண்டாம் என்று, குப்பத்து மணலிலிருந்து வந்த அடும்புத் தண்டுகளை வைத்தார்கள்.

கோரைக் கிழங்குகளை மண்வெட்டியால் தோண்டிப் பொறுக்கி எடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.